பாய்மரப் போர்க்கப்பல் மாதிரித் தொகுதி

பாய்மரப் போர்க்கப்பல் மாதிரித் தொகுதி என்பது, பதினேழாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கடலில் இயங்கிய மரப் போர்க்கப்பல் ஒன்றின் சிறு மாதிரியுருவை வீட்டிலேயே கட்டுவதற்கு வேண்டிய பொருட்களை ஒரே பெட்டியில் அடக்கிய விற்பனைப் பொருள் ஆகும். ஒட்டுப்பலகையில் வெட்டிய சட்டங்கள், மெல்லிய மரக்கீற்றுகள், உருளைக் கம்புகள், உலோக வார்ப்புகள், பல தடிப்புகளில் நூற்கயிறுகள், வரைபடங்கள் என்பன இதில் இருக்கும். பேச்சு வழக்கில் இது கிட் எனப்படுகிறது.

நெகிழி மாதிரிகளில் உறுப்புகள் இறுதி வடிவிலேயே வார்க்கப்பட்டு வருகின்றன. அவற்றை வரிசைப்படி ஒட்டினால் கப்பல் உருவாகிவிடும். மரத் தொகுதி அவ்வாறானதன்று. கப்பலின் வளைந்த உடல் பெட்டிக்குள் எங்கும் இருப்பதில்லை. நேரான கீற்றுகளே இருக்கின்றன. அவற்றை வளைத்தும் சீவியும் உடலை உருவாக்குவது கட்டுபவரின் பொறுப்பு. இதைவிடக் கடினமான இன்னொரு பொறுப்பும் அவருக்கு உண்டு. நூறாண்டு வாழ்ந்த ஒரு கப்பல் பலமுறை உருமாறியிருக்கும். அதன் எந்த ஆண்டின் தோற்றத்தைக் கட்டுவது என்பதைப் பெரும்பாலான தொகுதிகளின் வழிகாட்டி நூல்கள் தெளிவாகக் கூறுவதில்லை.

இக்கட்டுரை பிரித்தானியப் போர்க்கப்பலான விக்டரியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மிகப் பல நிறுவனங்கள் தொகுதியாக வெளியிட்ட கப்பல்களுள் இதுவும் ஒன்று.

வரலாறு

போர்க்கப்பல் மாதிரிகள் பொழுதுபோக்காகத் தோன்றியவை அல்ல. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இங்கிலாந்தில் கடற்படை நிர்வாகத்துக்காக நுட்பமான மாதிரிகள் செய்யப்பட்டன. இவற்றில் பல, ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற அளவில், அதாவது 1:48 விகிதத்தில் அமைந்தவை. உடலின் கீழ்ப்பகுதியைப் பலகையால் மூடாமல் வங்குகள் எனப்படும் விலாச்சட்டங்கள் வெளியே தெரியுமாறு விடுவது இவற்றின் தனித்தன்மை. கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்திலும், அமெரிக்காவின் அனாபொலிசிலுள்ள கடற்படைக் கழக அருங்காட்சியகத்திலும் இத்தகைய மாதிரிகள் காட்சிக்கு உள்ளன.

நெப்போலியப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் சிறைவைக்கப்பட்ட பிரெஞ்சுக் கைதிகள், தமக்கு உணவாக வந்த இறைச்சியின் எலும்புகளைக் கொண்டு கப்பல் மாதிரிகள் செய்து விற்றனர். நார்மன் கிராஸ் முகாமில் செய்யப்பட்டவை இன்று பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைபடம் ஏதுமின்றி நினைவிலிருந்து செய்யப்பட்டதால் அளவுத் துல்லியத்தை அவற்றில் எதிர்பார்க்க முடியாது. எனினும் கைத்திறனில் அவற்றை விஞ்சுவது எளிதன்று.

தொகுதிகள் இருபதாம் நூற்றாண்டின் படைப்பு. தொடக்கத்தில், இயந்திரத்தால் தோராயமாகச் செதுக்கிய திண்மரக்கட்டையே உடலாகத் தரப்பட்டது. அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ் 1946 இலும், டென்மார்க்கின் பில்லிங் போட்ஸ் 1958 இலும் தொடங்கப்பட்டன. இத்தாலிய, எசுப்பானிய நிறுவனங்களும் பின்னர் இத்துறையில் பெயர் பெற்றன. காலப்போக்கில் திண்மரக்கட்டையின் இடத்தைச் சட்டங்களின்மேல் பலகை ஒட்டும் முறை பெற்றுக்கொண்டது. சட்டங்களை வெட்டுவதற்கு லேசர் பயன்பாட்டுக்கு வந்தபின் பொருத்துவாய்களின் துல்லியம் பெரிதும் கூடியது. அண்மைக் காலத் தொகுதிகளில் முப்பரிமாண அச்சில் உருவான சிறு உறுப்புகளும் இடம்பெறுகின்றன.

அளவு விகிதம்

1:72, 1:64, 1:96 போன்ற விகிதங்கள் முதற்பார்வைக்குத் தன்னிச்சையாகத் தோன்றும். இவை அடி-அங்குல முறையிலிருந்து வந்தவை. ஓர் அடிக்கு ஆறில் ஒரு பங்கு அங்குலம் எனக் கொண்டால் 1:72 கிடைக்கும். எட்டில் ஒரு பங்கு எனக் கொண்டால் 1:96. 1797 இல் மிதக்கவிடப்பட்ட அமெரிக்கக் கப்பலான கான்ஸ்டிடியூசனுக்கு மாடல் ஷிப்வேஸ் தரும் தொகுதி 1:76.8 என்ற விந்தையான விகிதத்தில் இருப்பதற்கும், ஓர் அடிக்கு 32 இல் 5 பங்கு அங்குலம் என்ற கணக்கே காரணம்.

விக்டரியின் பீரங்கித் தளத்தின் நீளம் 186 அடி, அதாவது 56.7 மீட்டர். 1:72 விகிதத்தில் இது சுமார் 79 சென்டிமீட்டராகவும், 1:98 விகிதத்தில் சுமார் 58 சென்டிமீட்டராகவும் ஆகும். ஆனால் முன்புறம் நீண்டு சாய்ந்திருக்கும் பாய்மரத்தைச் சேர்த்தால் 1:72 மாதிரியின் முழு நீளம் ஏறத்தாழ 1.4 மீட்டரை எட்டிவிடும். உயரம் ஒரு மீட்டரை நெருங்கும். இதை எண்ணிப்பாராமல் வாங்கி, கட்டி முடித்தபின் வைக்க இடமின்றித் திண்டாடுவோர் பலர். சிறிய விகிதத்தைத் தேர்ந்தால் வேலை குறையும் என்ற எண்ணமும் தவறானதே. கயிறுகளின் எண்ணிக்கை குறைவதில்லை. முடிச்சுகள் மட்டும் சிறியனவாகின்றன.

உடற்கூடு

தொகுதிகளில் பெரும்பான்மையானவை ஒரே அடிப்படை அமைப்பைக் கொண்டவை. ஏரா எனப்படும் அடிமரத்தின் வடிவில் ஒட்டுப்பலகை ஒன்று நீளவாக்கில் நிற்கும். அதன் வெட்டுவாய்களில், கப்பலின் குறுக்குவெட்டு வடிவிலான தடுப்புச் சட்டங்கள் செங்குத்தாகச் செருகப்படும். உண்மைக் கப்பலில் நெருக்கமாக நின்ற வங்குகளுக்குப் பதிலாக இங்குச் சில சட்டங்களே உள்ளன.

நீள ஒட்டுப்பலகை முறுக்கின்றி நேராக உள்ளதா எனப் பார்ப்பது முதல் வேலை. சட்டங்கள் ஒட்டப்பட்ட பின் இதில் உள்ள வளைவைத் திருத்த இயலாது. அடுத்த வேலை சட்டங்களின் விளிம்பைச் சரிவாக உரசுவது. கப்பலின் நடுப்பகுதியில் பலகை சட்டத்தின் விளிம்பு முழுவதிலும் தட்டையாகப் படியும். முன்முனையான அணியத்தை நோக்கிச் செல்லச் செல்ல உடல் உள்நோக்கி வளைவதால் பலகை சட்டத்தின் ஒரு கூர்விளிம்பில் மட்டுமே தொடும். அந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய கீற்று ஒன்றை வைத்துப் பார்த்து, எல்லாச் சட்டங்களிலும் இடைவெளியின்றிப் படியும்வரை தொடர வேண்டும். விக்டரி போன்ற மழுங்கிய அணியம் கொண்ட கப்பல்களில் முன்பகுதிச் சட்டங்களுக்கிடையே மென்மரக் கட்டைகளை நிரப்பிச் செதுக்குவது நன்று. சில தொகுதிகள் இவற்றைத் தருவதில்லை. ஆயினும் சேர்த்துக்கொள்வதே நல்லது.

பலகை ஒட்டுதல்

தொடங்கியவர்கள் பலர் கைவிடும் கட்டம் இதுவே. இதன் சிக்கல் கைத்திறன் சார்ந்ததைவிட வடிவியல் சார்ந்தது.

எடுத்துக்காட்டாக, நடுச்சட்டத்தில் மேல்தள விளிம்பிலிருந்து ஏரா வரையிலான சுற்றளவு 180 மி.மீ. எனக் கொள்வோம். கீற்றின் அகலம் 5 மி.மீ. எனில் 36 கீற்றுகள் தேவை. அதே 36 கீற்றுகளும் அணியத்துக்கும் செல்ல வேண்டும். அங்கே சுற்றளவு 110 மி.மீ. தான் என்றால், ஒவ்வொரு கீற்றுக்கும் கிடைப்பது சுமார் 3.06 மி.மீ. மட்டுமே. எனவே ஒவ்வொரு கீற்றையும் முன்னோக்கி 5 இலிருந்து 3.06 வரை சீராகக் குறுக்க வேண்டும். பின்புறத்திலோ சுற்றளவு 200 மி.மீ. ஆக விரியக்கூடும். அங்கே கீற்றுக்கு 5.56 மி.மீ. தேவை, கையில் உள்ளதோ 5 மி.மீ. தான். இடையில் எழும் முக்கோண வெளிகளை ஆப்பு வடிவச் சிறு கீற்றுகளால் நிரப்புவர். முன்முனையில் கீற்றின் அகலம் பாதிக்கும் கீழே குறையுமானால், கூர்முனையில் ஆணி நிற்காது. அவ்விடத்தில் இரு கீற்றுகளை ஒன்றாக முடிப்பது கப்பற்பட்டறைகளிலும் கைக்கொள்ளப்பட்ட வழக்கமே.

குறுக்காமல் ஒட்டினால் என்ன ஆகும்? கீற்று தன் தட்டைப் பக்கமாக எளிதில் வளையும். விளிம்புப் பக்கமாக வளையாது. 5 மி.மீ. அகலமும் 1.5 மி.மீ. தடிப்பும் உள்ள கீற்றின் விளிம்புத் திசை விறைப்பு, தட்டைத் திசை விறைப்பைப்போல் சுமார் 11 மடங்கு. வலிந்து வளைத்தால் கீற்று முறுக்கிக்கொண்டு ஒரு விளிம்பு மேலெழும். அடுத்தடுத்த கீற்றுகள் அதைப் பின்பற்ற, அணியத்தில் பலகைகள் மேல்நோக்கிக் குவிந்து, உண்மைக் கப்பல் எதிலும் காணாத வரிகள் உண்டாகும். படத்தில் பார்த்தவுடன் அனுபவமற்ற கட்டுநரை அடையாளம் காட்டிவிடுவது இந்த வரிகளே.

அளவெடுக்கக் கருவி ஏதும் வேண்டியதில்லை. ஒவ்வொரு சட்டத்தின்மீதும் காகித நாடா ஒன்றைப் படியவைத்துச் சுற்றளவைக் குறித்து, கீற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அவ்விடத்துக்குரிய அகலம் கிடைத்துவிடும். ஐந்தாறு கீற்றுகளுக்கு ஒருமுறை மீதமுள்ள வெளியை மறுபடி அளப்பது நல்லது. சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதை இது தடுக்கிறது.

வளைப்பதற்குக் கீற்றை நீரில் ஊறவைத்து வெப்பம் காட்டுவர். இதற்கென மின்கருவிகள் விற்கப்பட்டாலும் முடி நேராக்கும் இடுக்கியைப் பயன்படுத்துவோரும் உண்டு. நனைந்த கீற்று உலரும்போது அகலத்தில் சுருங்கும். ஆதலால் உலர்ந்தபின் ஒட்டாவிட்டால் இடைவெளிகள் தோன்றும். வலப்புறம் ஒரு கீற்று, இடப்புறம் ஒரு கீற்று என மாற்றி மாற்றி ஒட்டுவதும் கட்டாயம். ஒரே பக்கத்தை முதலில் முடித்தால் இழுவிசையால் முழு உடலும் வளைந்துவிடும். பி.வி.ஏ. எனும் வெண்பசை மெதுவாக இறுகுவதால் திருத்த நேரம் தரும். சயனோஅக்ரிலேட் பசை சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும். அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் உறுத்தும். வால்நட் மரத்தூள் சிலருக்கு ஒவ்வாமை தருவதால் உரசும்போது முகக்கவசம் தேவை.

பல தொகுதிகளில் இரு அடுக்குப் பலகை உண்டு. லைம் போன்ற மென்மரத்தாலான முதல் அடுக்கு வடிவத்தைத் தருகிறது; குறைகளை நிரப்பி உரசிச் சமப்படுத்தலாம். ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைந்தோ தடிப்புள்ள வால்நட் கீற்றுகளாலான இரண்டாம் அடுக்கே கண்ணுக்குத் தெரிவது. உண்மையான விக்டரியின் மரத்தில் பெரும்பங்கு ஓக். ஆனால் ஓக் மரத்தின் இழைகள் பருமனானவை. சிறிய விகிதத்தில் அவை அளவுக்குப் பொருந்தாது பெரிதாகத் தெரியும் என்பதால் மாதிரிகளில் அது தவிர்க்கப்படுகிறது.

பீரங்கிகளும் செப்புத் தகடுகளும்

டிரபல்கர் போரின்போது விக்டரியில் 104 பீரங்கிகள் இருந்தன. கீழ்த்தளத்தில் 32 இறாத்தல் குண்டு எறிவன 30, நடுத்தளத்தில் 24 இறாத்தல் வகை 28, மேல்தளத்தில் 12 இறாத்தல் வகை 30 என்பன முதன்மையானவை. மாதிரியில் கீழ்த்தளங்களின் உட்புறம் மூடப்பட்டுவிடுவதால் அங்குக் குழாயின் முன்பாதி மட்டுமே பொருத்தப்படும்.

பீரங்கிச் சாளரங்கள் பலகை வரியைப் பின்பற்றி அமைபவை அல்ல. அவை தளத்தின் மெல்லிய வளைவைப் பின்பற்றுகின்றன. பலகையும் தளமும் வெவ்வேறு வளைவுகளில் செல்வதால், வரைபடத்தில் ஒரு சாளரத்தை மட்டும் அளந்து மற்றவற்றைப் பலகை வரியோடு எண்ணிவைப்பவரின் கப்பலில் பீரங்கிகள் படிப்படியாகத் தளத்துக்கு மேலோ கீழோ நகர்ந்துவிடும்.

விக்டரியின் அடிப்பகுதி 1780 இல் செப்புத் தகடுகளால் மூடப்பட்டது. மரந்துளைக்கும் கடற்புழுக்களிடமிருந்து பாதுகாப்பதும், பாசி படிந்து வேகம் குறைவதைத் தடுப்பதும் நோக்கம். நான்கு அடி நீளமும் 14 அங்குல அகலமும் உள்ள தகடு, 1:72 விகிதத்தில் சுமார் 17 மி.மீ. நீளமும் 5 மி.மீ. அகலமும் உள்ள துண்டாகிறது. தகடுகளைப் பின்புறத்திலிருந்து முன்னோக்கி ஒட்ட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொன்றின் பின்விளிம்பும் அடுத்ததன்மேல் படிந்து நீரோட்டத்துக்கு எதிராக வாய் திறவாமல் இருக்கும். தொகுதியில் வரும் தகடுகளில் ஆணித்தலைகள் கொப்புளம்போல் புடைத்திருப்பதுண்டு. அதே அளவில் பெருக்கிப் பார்த்தால் அவை சாப்பாட்டுத் தட்டளவு ஆணிகளாக இருக்கும்.

பாய்மரங்களும் கயிறுகளும்

கப்பற்கயிறுகள் இருவகைப்படும். பாய்மரங்களை அசையாமல் நிறுத்தும் நிலைக்கயிறுகள் தார் பூசப்பட்டுக் கருமையாக இருந்தன. பாய்களையும், பாய்களைத் தாங்கும் குறுக்குமரங்களான பருமல்களையும் இயக்கும் கயிறுகள் சணலின் இயல்பான வெளிர்நிறத்தில் இருந்தன. இந்த நிற வேறுபாட்டைக் காட்டினாலே மாதிரி பெருமளவு தெளிவடையும்.

பழைய ஆவணங்களைப் படிப்போர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பிரித்தானியக் கடற்படை கயிற்றை விட்டத்தால் அளக்கவில்லை, சுற்றளவால் அளந்தது. 24 அங்குல நங்கூரக் கயிறு என்றால் விட்டம் சுமார் 7.6 அங்குலம்; 1:72 விகிதத்தில் 2.7 மி.மீ. இதை விட்டமாகக் கொண்டால் மாதிரியில் எட்டரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கயிறு தொங்கும்.

பாய்மரத்தின் இருபுறமும் இறங்கும் தாங்குகயிறுகள், மூன்று துளையுடைய வட்டக் கட்டைகள் இரண்டினிடையே கோத்த கயிற்றால் இறுக்கப்படுகின்றன. இவற்றின் குறுக்கே மாலுமிகள் ஏறுவதற்கான படிக்கயிறுகள் கட்டப்படும். படிகளுக்கிடையே 13 முதல் 15 அங்குலம் எனக் கொண்டால் 1:72 விகிதத்தில் ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு படி. ஒவ்வொரு படியும் ஒவ்வொரு தாங்குகயிற்றிலும் முடியப்பட வேண்டும் என்பதால் முடிச்சுகள் ஆயிரக்கணக்கில் ஆகும். சற்று இறுக்கமாக முடிந்தால் தாங்குகயிறுகள் உள்ளிழுக்கப்பட்டு உடுக்கை வடிவம் பெறும். ஆகவே சலிப்புத் தட்டும்போது நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்வது அறிவுடைமை. முழுக் கப்பலுக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆவதும், ஓய்வு நேரத்தில் மட்டும் வேலை செய்பவருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீள்வதும் இயல்பே.

பாய்களைக் கட்டாமல் விடுவது பரவலான வழக்கம். எவ்வளவு மெல்லிய துணியும் இவ்விகிதத்தில் கித்தான் பாயைவிடத் தடிப்பாகவே தெரியும். கயிற்று வேலை முழுவதையும் அது மறைத்துவிடவும் செய்யும்.

எந்த ஆண்டின் கப்பல்

விக்டரியின் ஏரா 1759 இல் சாட்டம் கப்பற்பட்டறையில் இடப்பட்டது. தாமஸ் ஸ்லேட் வடிவமைத்த இக்கப்பல் 1765 இல் மிதக்கவிடப்பட்டது. அப்போது அதன் பின்புறத்தில் திறந்த நடைமாடங்கள் இருந்தன. அணியத்தில் பெரிய சிற்பத்தொகுதி ஒன்று நின்றது. 1800 முதல் 1803 வரை நடந்த பெரும்பழுதுபார்ப்பில் நடைமாடங்கள் மூடப்பட்டன. பழைய சிற்பத்தின் இடத்தில், இரு சிறுவர் உருவங்கள் அரசுச் சின்னத்தைத் தாங்கும் எளிய சிற்பம் வந்தது. 1805 அக்டோபர் 21 அன்று நெல்சன் வீழ்ந்தது இந்த இரண்டாம் தோற்றத்திலிருந்த கப்பலில். அதன் பின்னரும் மாற்றங்கள் தொடர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஷா என்னும் கப்பலிலிருந்து எடுத்த இரும்புக் கீழ்ப்பாய்மரங்கள் பொருத்தப்பட்டன. 1922 இல் போர்ட்ஸ்மவுத் உலர்துறையில் வைக்கப்பட்டு, 1928 அளவில் டிரபல்கர் காலத் தோற்றத்துக்கு மீட்டமைக்கப்பட்டது.

ஆகவே விக்டரித் தொகுதிகளில் பல, 1805 ஆம் ஆண்டுக் கப்பலின் நேரடி மாதிரிகள் அல்ல. 1805 இல் அது எப்படி இருந்திருக்கும் என்று இருபதாம் நூற்றாண்டில் கருதப்பட்டதோ அதன் மாதிரிகளே. முன்மேடையின் பக்கச்சுவர் போரின்போது எவ்வளவு உயரமாக இருந்தது, பக்கவாட்டு நுழைவாயில் அப்போது இருந்ததா என்பவற்றில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நிறத்தின் கதி இன்னும் தெளிவானது. நீண்ட காலமாகக் கறுப்பும் அழுத்தமான மஞ்சளுமாக இருந்த கப்பல், பழைய வண்ணப் படைகளை ஆராய்ந்தபின் 2015 இல் வெளிறிய, சற்றே இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட நிறத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் அச்சான வழிகாட்டிகள் மஞ்சளையே கூறுகின்றன.

சுவீடனின் வாசா கப்பல் இதைவிட வலுவான சான்று. 1628 இல் முதற்பயணத்திலேயே மூழ்கி 1961 இல் மீட்கப்பட்ட இக்கப்பலின் சிற்பங்களுக்குப் பின்புலம் நீலம் என்று முதலில் நம்பப்பட்டது. அதனால் பழைய தொகுதிகளின் படங்களில் நீல வாசாவே காணப்படும். மரத்தில் எஞ்சிய வண்ணத்துகள்களை ஆய்ந்தபின் 1990களில் பின்புலம் சிவப்பு எனத் தெரியவந்தது.

இத்தகைய கேள்விகளுக்குத் தொகுதியின் வழிகாட்டி மட்டும் போதாது. நெப்பியன் லாங்ரிட்ஜ் 1955 இல் வெளியிட்ட நெல்சன் காலக் கப்பல்களின் உடற்கூறு பற்றிய நூலும், ஜான் மெக்கே 1987 இல் விக்டரியை உறுப்புறுப்பாக வரைந்து வெளியிட்ட நூலும் கட்டுநர்கள் அதிகம் நாடுபவை. அவற்றின் துணையால் தொகுதியின் உறுப்புகளைத் திருத்தியோ நீக்கியோ கட்டுவது தனியொரு வழக்கமாகவே வளர்ந்துள்ளது. நேரில் பார்த்துச் சரிபார்ப்பதும் தற்போது எளிதன்று. விக்டரியின் மேற்பாய்மரங்கள் 2011 இல் இறக்கப்பட்டன. 2021 இல் நடுப்பாய்மரத்தின் கீழ்ப்பகுதியும் எடுக்கப்பட்டது. 2022 இல் பத்தாண்டுக்கும் மேல் நீளக்கூடிய பழுதுபார்ப்பு தொடங்கியது. அதன் முழுக் கயிற்றமைப்பையும் இக்காலத்தில் காண விரும்புவோர் மாதிரிகளைத்தான் நாட வேண்டியுள்ளது.

தெரிவு

பெயரும் தோற்றமும் ஈர்ப்பதால் முதல் முயற்சியாகவே மூன்று பீரங்கித் தளமுள்ள கப்பலைத் தேர்வோர் பலர். அவற்றில் பெரும்பகுதி பாதியில் நிற்கின்றன. ஒரே பாய்மரமுள்ள கட்டர் அல்லது இரு பாய்மரமுள்ள பிரிக் வகையில் தொடங்கினால் பலகைக் கணக்கும் கயிற்று வேலையும் சிறிய அளவில் கைவந்துவிடும்.

பிறர் வடிவமைத்த தொகுதிகளை உரிமையின்றிப் படியெடுத்து மலிவாக விற்பதும் இத்துறையின் நெடுநாள் சிக்கல். ஒரு கப்பலின் வரைபடத்தை ஆராய்ந்து தொகுதியாக்குவதற்கு ஆண்டுகள் ஆகும். அதைப் படியெடுக்கச் சில வாரங்கள் போதும். சிறு நிறுவனங்கள் இதனைத் தாங்குவதில்லை. ஆதலால் பல கட்டுநர் சங்கங்கள் படித்தொகுதிகளில் கட்டிய மாதிரிகளை ஏற்பதில்லை.

பாதுகாப்பு

முடிந்த மாதிரிக்குக் கண்ணாடிப் பேழை தேவை. கயிறுகளில் படியும் தூசியை அகற்ற முயன்றால் கயிறு அறும். நேர்வெயில் மரத்தையும் நூலையும் வெளிறச் செய்யும்.

பேழையே தீங்கு விளைவிப்பதும் உண்டு. பழைய தொகுதிகளின் பீரங்கிகளும் நங்கூரங்களும் ஈயம் கலந்த உலோகத்தால் வார்க்கப்பட்டவை. மரம், குறிப்பாக ஓக், அசெட்டிக் அமில ஆவியை மெல்ல வெளிவிடுகிறது. காற்றோட்டமில்லாப் பேழைக்குள் இந்த ஆவி ஈயத்தைத் தாக்கி வெண்ணிறப் பொடியான ஈயக் கார்பனேட்டாக மாற்றும். சில பத்தாண்டுகளில் பீரங்கி உருக்குலைந்து போகும். பூசிய வண்ணம் இதைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுப்பதில்லை. அருங்காட்சியகங்களிலும் இச்சிதைவு கண்டறியப்பட்டுள்ளது. ஈய வார்ப்புகளைப் பித்தளை உறுப்புகளால் மாற்றுவதும், பேழையின் அடிப்பலகையை ஓக் மரத்தில் செய்யாதிருப்பதும், அதன் இருமுனைகளிலும் தூசி புகாத வலையிட்ட காற்றுத் துளைகளை விடுவதும் பரிந்துரைக்கப்படுகின்றன. உதிர்ந்த பொடி நச்சுத்தன்மை உடையது என்பதால் வெறுங்கையால் துடைக்கலாகாது.